இருபத்தோராவது டம்ளர்

சென்னை,
1935 டிசம்பர் 12

ஹயாத் பாஷா பாய் அவர்களுக்கு, பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி தேவகி வணக்கத்துடன் எழுதுவது.

நோன்பு நாளில் தொந்தரவு செய்கிறேன். சீனிவாசன் வாத்தியார் இதைப் படித்துச் சொல்வார்.

ஆம்பூர் யத்தீம்கானாவில் தாய் தகப்பன் இல்லாத நாற்பது பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி நாம் இரண்டு வரிசையாகப் பிரித்தது நினைவிருக்கும். இருபது பேர் கழுத்தில் வட்டமாக வெட்டிய தோல் வில்லை, இருபது பேருக்குச் சதுர வில்லை. உங்களுக்கு எழுத்து தெரியாது என்பதால் எண்ணுக்குப் பதில் அந்த ஏற்பாடு. காலைக் கஞ்சி இரண்டு வரிசைக்கும் உண்டு. அதற்கு மேல் வட்ட வில்லைக்கு மட்டும் பால் பொடி கரைத்த ஒரு டம்ளர் பால். பதினாலு வாரம் முடிந்ததும் எந்த வரிசை எவ்வளவு வளர்ந்தது என்று நிறுத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

இப்போது கூட்டிப் பார்த்தேன். வட்ட வரிசை தலைக்கு மூன்று ராத்தல் கூடியிருக்கிறது. சதுர வரிசையும் தலைக்கு மூன்று ராத்தல். மூன்று தரம் கூட்டினேன். மாறவில்லை.

எங்கள் புரொபசர் தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ பாலால ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்படியே எழுதிடு" என்கிறார். மார்ச்சில் இந்த அறிக்கை சர்க்காருக்குப் போகும். ஜில்லாவிலுள்ள அனாதை விடுதிகளுக்கெல்லாம் பால் பொடி கொடுப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இப்படியே போனால் உங்கள் பிள்ளைகளுக்கும் வராது.

நான் வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை மட்டுமே வந்தேன். மற்ற நாள்களில் பால் தவறாமல் ஊற்றப்பட்டதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் உங்களிடம் கொடுத்தது இருபது டம்ளர். நீங்கள் தினம் இருபத்தொரு டம்ளர் கழுவிக் கவிழ்ப்பதாக வாத்தியார் எழுதியிருந்தார். அந்த ஒன்று யாருக்கு?

தேவகி


ஆம்பூர்,
1935 டிசம்பர் 20

தேவகியம்மாவுக்கு யத்தீம்கானா சமையற்கார ஹயாத் பாஷாவின் சலாம். வாய் என்னுடையது, கை வாத்தியாருடையது.

டம்ளரை எண்ணுகிற வேலையும் வாத்தியாருக்கு உண்டு என்று உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். இதை எழுதும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கிறேன். எழுதும் ஐயா, ஒரு வார்த்தை விடாமல் எழுதும்.

எனக்கு எழுத்துதான் தெரியாது அம்மா, மறதியும் தெரியாது. நீங்கள் முதலில் வந்தது ஆடி மாதம், திங்கட்கிழமை. பச்சைப் புடவை. தராசைத் தூக்கி வந்த கூலியாள் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். முதலில் ஏறியவன் இஷ்தியாக் அகமது, நாற்பத்திரண்டு ராத்தல். அடுத்தவன் மக்பூல் அகமது, முப்பத்தொன்பதரை. நாற்பது பேருக்கும் பதினாலு வாரத்துக்கும் சொல்லவா? உங்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பால் டின் ஒன்றுகூட மிச்சமில்லை. காலி டின்களை விறகு மறைவில் அடுக்கி வைத்திருக்கிறேன், வந்து எண்ணிக்கொள்ளலாம். அதிலிருந்த பொடி இந்த விடுதி வாசலைத் தாண்டவில்லை. எனக்கும் அல்லாவுக்கும் தெரியும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இரண்டு வரிசையும் வளர்ந்தது என்கிறீர்கள். அதற்குச் சந்தோஷப்பட வேண்டாமா? பிள்ளைகள் வளர்ந்ததற்கு வருத்தப்பட்டுக் கடிதம் போடுகிறவர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இருபத்தோராவது டம்ளர் என் சொந்தப் பித்தளை டம்ளர். என் பொருளை நான் கழுவுகிறேன்.

ஹயாத் பாஷா


சென்னை,
1936 ஜனவரி 6

ஹயாத் பாஷா பாய் அவர்களுக்கு,

நான் கேட்ட கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. பால் ஊற்றினேன் என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சந்தோஷப்பட வேண்டாமா என்று கேட்டீர்கள். பால் குடித்தவனும் குடிக்காதவனும் ஒரே அளவு வளர்ந்தால் பால் வீண் என்று ஆகிறது. மழைக்குப் பிறகு ஆம்பூர்ச் சந்தையில் கேழ்வரகு மலிந்தது, அதில் வளர்ந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இன்று புரொபசர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "வட்ட வரிசைக்குப் பால் போயிருக்காது. ஸ்டேஷன் பக்கம் டீக்கடை எதுவும் இல்லையா? உன் சமையல்காரன் வித்திருப்பான்" என்றார். நான் உங்களுக்காக வாதாடத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் குடித்துவிட்டு வைத்த டம்ளரை நகர்த்தி வைத்தேன். விரலில் பிசுக்கென்று ஒட்டியது. பால் அப்படி ஒட்டாது. கஞ்சிதான் ஒட்டும். அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வட்ட வில்லைப் பிள்ளைகள் குடித்தது பாலா? இல்லையென்றால் பால் எங்கே போனது? உங்களைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது.

தேவகி


ஆம்பூர்,
1936 ஜனவரி 11

தேவகியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாத்தியார் படித்தபோது சமையற்கட்டில் கறிகாய்க்காரன் நின்றான், தண்ணீர் எடுக்கிற அஹமது பாஷா நின்றான். "வித்திருப்பான்" என்ற இடத்தில் வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால் ஜாஸ்தி கேட்கும்.

முப்பத்தொரு வருஷம் இந்த அடுப்பு முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு பிள்ளையின் சோற்றில் ஒரு பருக்கையை நான் தொட்டேன் என்று விடுதியை நடத்துகிற ஸாஹிப்மார்கூடச் சொன்னதில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஹயாத் பாஷா


ஜோலார்பேட்டை,
1936 ஜனவரி 19, ஞாயிறு

தேவகியம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றவனே எழுதுகிறேன். கை வேறு என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். ஆம்பூரில் எனக்கு எழுதித் தருகிறவர் வாத்தியார் ஒருவர்தான். இது அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஸாஹிப்மார் காதில் விழும். அறுபத்தொன்பது வயதில் அந்தக் கூரை போனால் எனக்கு வேறு கூரை இல்லை. அதனால் ரயிலேறி இங்கே வந்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே கோதண்டராமன் என்று ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர் உட்கார்ந்து கடிதம் எழுதித் தருகிறார். "இன்னா பாய், ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு கேட்டு எழுதணுமா?" என்று ஆரம்பித்தார். இப்போது பேசாமல் எழுதுகிறார்.

பாலை விற்கவில்லை. வட்ட வில்லைக்கு நான் ஊற்றியது வடிகஞ்சி. கொஞ்சம் வெல்லம் போட்டு ஊற்றினேன். அந்தப் பிசுக்குத்தான் உங்கள் விரலில் ஒட்டியது. பால் பொடியைப் பெரிய கஞ்சிப் பானையில் கொட்டிக் கலக்கினேன். வட்டத்துக்குப் பாதி போனது, சதுரத்துக்குப் பாதி போனது. பிள்ளைகள் நாற்பது பேருக்கும் தெரியும், ஒருவனும் வாய் திறக்கவில்லை. இஷ்தியாக் உங்கள் எதிரில் சப்புக்கொட்டி, "அக்கா, பால் ஜோரா இருக்குது" என்பானே, அவன் குடித்தது கஞ்சித் தண்ணி. அந்தப் பயலை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடலாம்.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தாது வருஷப் பஞ்சத்தில் எனக்குப் பத்து வயது. தங்கை மஹ்பூபிக்கு ஏழு. திமிரியிலிருந்து நான்கு பேராகப் புறப்பட்டு, பஞ்ச முகாமுக்கு இரண்டு பேராக வந்து சேர்ந்தோம். ஆற்று மணலில் கொட்டகை. கழுத்தில் தகர வில்லை மாட்டினார்கள். கல் சுமக்கிறவனுக்கு ஒரு முத்திரை, சுமக்க முடியாதவனுக்கு வேறு முத்திரை. சுமக்கிற வரிசைக்கு முழுச் சோறு, மற்றதற்குப் பாதி. நடுவில் கயிறு கட்டியிருந்தது. நான் சுமந்தேன். அவளால் முடியாது. வாரம் ஒரு தரம் ஒரு துரை வந்து எங்களைத் தராசில் ஏற்றி எழுதிக்கொண்டு போவார். எவ்வளவு குறைத்தால் உயிர் நிற்கும் என்று பார்க்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மெய்யோ பொய்யோ, தெரியாது.

ஒன்பதாம் நாள் மஹ்பூபி கயிற்றோரம் வந்தாள். கையில் கொட்டாங்குச்சி. "பாய்ஜான், ஒரு நாளைக்கு மட்டும் வில்லைய மாத்திக்கலாமா?" என்றாள்.

"முடியாது. எழுதி வச்சிட்டாங்க" என்றேன்.

எழுத்துக்குப் பயந்து சொல்லவில்லை அம்மா. பசிக்குப் பயந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் வரிசைக்குப் போய்விட்டாள். மறுபடி கேட்கவேயில்லை. பதினேழாம் நாள் அவள் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கவனித்தேன், சோறு போடுகிறவன் வில்லையைப் பார்ப்பதே இல்லை. அவனுக்கும் என்னைப் போல எழுத்து தெரியாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் முழுச் சோறு, அந்தப் பக்கம் நின்றால் பாதி. வில்லையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஐம்பத்தெட்டு வருஷம் அவள் என்னிடம் வரவில்லை. கனவிலும் வரவில்லை. நீங்கள் தோல் வில்லை மாட்டிவிட்டுப் போன மூன்றாம் நாள் காலை, பால் பாத்திரத்தோடு வெளியே வந்தேன். சதுர வரிசையில் இருபது பிள்ளைகளுக்குப் பின்னால் இருபத்தோராவதாக நின்றாள். அதே கொட்டாங்குச்சி. அவளுக்கு இன்னும் ஏழு வயதுதான். என்னைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தாள். நான் திரும்பி உள்ளே போய்ப் பாலைக் கஞ்சிப் பானையில் கவிழ்த்தேன்.

அன்றிலிருந்து ஒரு டம்ளர் பாலைத் தனியாக எடுத்துப் பின்படியில் வைக்கிறேன், பொடி தீர்ந்த பிறகு பால் வாங்கி வைக்கிறேன். அதுதான் நீங்கள் கேட்ட டம்ளர். பூனை குடிக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை, பூனை குடிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் வைக்கிறேன்.

பால் வீணில்லை. நாற்பது பேரும் அதில்தான் வளர்ந்தார்கள். அப்படி எழுதிவிடுங்கள். பதிலைக் கோதண்டராமன் பேருக்குப் போடுங்கள். ஞாயிறு தோறும் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஹயாத் பாஷா


சென்னை,
1936 பிப்ரவரி 3

ஹயாத் பாஷா பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து படித்தேன். மறுபடி பூட்டினேன். விற்றுவிட்டதாகச் சந்தேகப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. ஒரு வருஷ வேலை போயிற்று. நீங்கள் செய்ததைச் சொன்னால் உங்களைத் துரத்திவிடுவார்கள். அதனால், பொடியை அளந்து கொடுத்ததில் என் பிழை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "உன்னை அனுப்பினதே தப்பு" என்றார் புரொபசர். இன்னும் ஒரே ஒரு தரம் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அறிக்கையை ஜூலை வரை நிறுத்தி வைப்பாராம்.

நாற்பது பேரும் பாலில்தான் வளர்ந்தார்கள் என்று எழுதச் சொன்னீர்கள். எழுத முடியாது பாய். கொடுக்காத ஒரு வரிசை பக்கத்தில் நின்றால்தான் கொடுத்த வரிசைக்கு என்ன ஆயிற்று என்று காட்ட முடியும். அதுவும் ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கஞ்சியாக இருக்க வேண்டும். இருபது பேருக்குப் பதினாலு வாரம் கொடுக்காமல் இருந்தால், ஜில்லா முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கும். உங்கள் இருபது பேருக்கும் சேர்த்துத்தான்.

இதை எழுதும்போது யாருக்கு எழுதுகிறேன் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் கேட்கிறேன். இந்தத் தரம் நான் சொன்னபடியே உங்களால் ஊற்ற முடியுமா?

தேவகி


ஜோலார்பேட்டை,
1936 பிப்ரவரி 16, ஞாயிறு

தேவகியம்மாவுக்கு,

முடியாது.

கோதண்டராமன் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "கணக்கு சரியாத்தான் இருக்குது பாய்" என்றார். எனக்கும் புரிகிறது. இருபது பேர் பொறுத்தால் ஆயிரம் பேருக்கு. பஞ்ச முகாமிலும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கும், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள். அது ஒரு வித்தியாசம்தான்.

ஆனாலும் என் கையால் முடியாது. ஒரு தரம் இல்லை என்று சொன்ன வாய் இது. அடுத்த தரம் சொல்ல வராது. நான் வாக்குக் கொடுப்பேன், காலையில் பாத்திரத்தைத் தூக்கினால் கை தானாகப் பானைப் பக்கம் போகும். மறுபடி உங்கள் கணக்கு கெடும்.

நீங்களே வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வந்து போவது போதாது. பதினாலு வாரமும் ஆம்பூரில் இருங்கள். வாத்தியார் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. அவர் சம்சாரம் கமலம் நல்ல மனுஷி, தோல் ஷாப்பு நாற்றம் வராத பக்கமாகப் பாய் போட்டுத் தருவாள். வட்டத்துக்கு உங்கள் கையால் ஊற்றுங்கள். சதுரத்துக்கு இல்லை என்பதையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் அடுப்பை மட்டும் பார்க்கிறேன். பால் டின்னைத் தொட மாட்டேன், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பின்படியில் டம்ளரும் வைக்க மாட்டேன்.

அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஹயாத் பாஷா


சென்னை,
1936 ஜூலை 10

ஹயாத் பாஷா பாய் அவர்களுக்கு,

ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆயிற்று. என் புடவையில் தோல் ஊறப்போடுகிற ஆவாரம்பட்டை வாசனை இன்னும் போகவில்லை. நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். பதினாலு வாரமும் நான் பால் ஊற்றுகிற நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றீர்கள். நான் கவனித்தேன்.

முதலில் நல்ல செய்தி. வட்ட வரிசை தலைக்கு நாலரை ராத்தல். சதுர வரிசை ஒன்றேகால். புரொபசர் எழுந்து நின்று பார்த்தார். சர்க்கார் ஒப்புக்கொண்டுவிட்டது. இந்த மாதம் முதல் ஜில்லாவிலுள்ள விடுதிகள் அத்தனைக்கும் பால் பொடி வரும். உங்கள் நாற்பது பேருக்கும் வரும்.

இனி எழுதப் போவதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் கோதண்டராமன் பேருக்கு எழுதுகிறேன்.

இந்தத் தரம் குலுக்கிய சீட்டில் இஷ்தியாக்குக்குச் சதுரம் விழுந்தது. ஏழாவது வாரம் ஒரு காலை, நீங்கள் விறகுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். இஷ்தியாக் என் பக்கத்தில் வந்து நின்றான். சப்புக்கொட்டவில்லை, சேட்டை செய்யவில்லை.

"அக்கா, ஒரு நாளைக்கு மட்டும் மக்பூலோட வில்லைய மாத்திக்கறேங்க்கா. அவன் சரின்னுட்டான்."

"முடியாதுடா. எழுதி வச்சாச்சு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று என் காதில் விழுந்தது. அவன், "சரிக்கா" என்று தலையை ஆட்டிவிட்டு வரிசைக்குப் போனான். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ரயிலேறிய அன்றுகூட ஸ்டேஷன் வரைக்கும் ஓடி வந்தான். இனி பாலும் குடிப்பான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காலை எங்கள் மாணவியர் விடுதியில் காப்பிக்கு வரிசையில் நின்றேன். பின்னால் சின்னப் பிள்ளை யாரோ நிற்பதுபோல இருந்தது. நகர்ந்து வழி விட்டேன். என் தோழி அமிர்தவள்ளி, "யாருக்குடி வழி விடறே? உன் பின்னாடி சுவர்தான் இருக்கு" என்று சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். சுவர்தான்.

இன்று காலையும் வழி விட்டேன்.

பாய், மஹ்பூபி என்ன உயரம் இருப்பாள்? என் இடுப்பளவு வருவாளா?

தேவகி


ஜோலார்பேட்டை,
1936 ஜூலை 26, ஞாயிறு

தேவகியம்மாவுக்கு,

அவ்வளவு வரமாட்டாள். உங்கள் இடுப்புக்கு நாலு விரற்கடை கீழே. கடைசித் தரம் தராசில் ஏறியபோது இருபத்தாறு ராத்தல். துரை பக்கத்தில் நின்ற ஆள் உரக்கச் சொன்னான். தலையில் முடி கம்மி, உதிர்ந்துவிட்டது. இடது காதில் மட்டும் கறுப்பு நூல் கோத்திருக்கும், வலது காதில் இருக்காது.

பால் வந்துவிட்டது. நாற்பது பேருக்கும் ஊற்றுகிறேன். தோல் வில்லைகளைக் கழற்றி அடுப்பில் போட்டேன். அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை, இஷ்தியாக் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தான். அவன் இப்போது நாற்பத்தெட்டரை.

நீங்கள் ரயிலேறிய நாளிலிருந்து அவள் இங்கே வரவில்லை. வரிசையில் பார்க்கிறேன், நாற்பதுதான். பின்படியில் பார்க்கிறேன், பூனைதான் உட்கார்ந்திருக்கிறது. வெகு நாள் தேடினேன். எங்கே போனாள் என்று உங்கள் கடிதம் படித்த பிறகு தெரிந்தது.

பயப்பட வேண்டாம். யாரையும் ஒன்றும் செய்ய மாட்டாள். பேசக்கூட மாட்டாள்.

கோதண்டராமன் இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பார்சலும் கட்டித் தருகிறார். என் பித்தளை டம்ளர். புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். காலையில் அதில் கொஞ்சம் பால் வையுங்கள். சூடாக இருக்கட்டும். பட்டணத்திலும் பூனை இருக்கும், அது குடித்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும். அவள் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்பாள், அதுதான் அவளுக்குப் பழக்கம். அங்கேயே நிற்க விடாதீர்கள் அம்மா. முன்னால் கூப்பிட்டு, அவளுக்கு முதலில் ஊற்றுங்கள்.

ஹயாத் பாஷா